அப்பா வீட்டை ஹாஸ்டலுக்கு விடலாமா? (பாடாங் செராய், மலேசியா)

செம்பனைக்காடு · திங்கள், இரவு 9.12

வணக்கம். பாடாங் செராயில் அப்பா வாங்கிய ஒற்றை மாடி டெரஸ் வீடு (இரண்டு பக்கமும் ஒட்டிய வரிசை வீடு) ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் லயத்தை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை) காலி செய்யச் சொன்னபோது ஈ.பி.எஃப். (சேமநிதி) பணத்தைப் போட்டு எடுத்தது. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மா பினாங்கில் என்னோடு இருக்கிறார். வீடு பூட்டியே கிடக்கிறது.

போன வாரம் ஓர் ஏஜென்ட் வந்தார். கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை செய்கிற பையன்களுக்கு ஹாஸ்டலாக எடுத்துக்கொள்கிறாராம். 14 பேர், மாதம் 1,800 வெள்ளி (ரிங்கிட்). குடும்பத்துக்கு விட்டால் எனக்கு 800 கிடைத்தாலே பெரிசு. ஹாலை பிளைவுட் வைத்து இரண்டு அறையாகத் தடுப்பாராம், செலவும் அவருடையதாம். "பெர்மிட் கிர்மிட் ஒன்றும் வேண்டாம் பாஸ், இங்கே எல்லாரும் இப்படித்தான்" என்கிறார்.

அம்மாவுக்கு மனசே இல்லை. தோட்டத்தில் ஒரு லயம் எரிந்ததைச் சின்ன வயதில் பார்த்தவர். ஒரு வீட்டில் பிடித்த தீ கூரை வழியாக வரிசை முழுக்கப் போனதாம். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். உண்மையில் என்னென்ன அனுமதி எடுக்க வேண்டும்? பொம்பா (தீயணைப்புத் துறை) வந்து பார்ப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூணுவீடு · திங்கள், இரவு 9.50

தம்பி, ரொம்ப யோசிக்காதீர்கள். ஒன்பது வருடமாக மூன்று வீட்டை இப்படித்தான் விட்டிருக்கிறேன். இதுவரை ஒருத்தரும் வந்து கதவைத் தட்டியதில்லை. ஆள் போடுவது கம்பெனி, பொறுப்பும் கம்பெனியுடையது. நமக்கு மாசம் பிறந்தால் வாடகை. இரண்டு மாத டெபாசிட் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், கரண்ட் பில்லை அவர்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

பிளான்வரைபவன் · திங்கள், இரவு 11.05

மூணுவீடு அண்ணன் சொல்வதில் பாதி சரி. யாரும் வந்து தட்டவில்லை என்பது உண்மைதான். பொறுப்பு கம்பெனிக்கு மட்டும் என்பதுதான் தப்பு.

1976 நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172) என்று ஒன்று இருக்கிறது. கட்டடம் கட்டினால்தான் 'மேம்பாடு' என்று நினைக்கிறோம். கட்டடத்தின் பயன்பாட்டைப் பெரிதாக மாற்றினாலும் அந்தச் சட்டத்தில் மேம்பாடுதான், அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். ஒரு குடும்பம் இருக்கிற வீட்டை 14 பேர் ஹாஸ்டலாக்குவது அந்த வகை மாற்றம் என்று மஜ்லிஸ் (உள்ளூராட்சி மன்றம்) சொன்னால் மறுத்துப் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது. அனுமதி இல்லாமல் செய்தால் 500,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பயன்படுத்தியவரை மட்டுமல்ல, பயன்படுத்த விட்டவரையும் அந்தப் பிரிவு பிடிக்கும். 'விட்டவர்' யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்த பிளைவுட். ஏஜென்ட் செலவு செய்தாலும் வீடு உங்களுடையது. 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133) பிரிவு 70இன்படி மஜ்லிஸைக் கேட்காமல் கட்டடத்தை மாற்றக் கூடாது. 1984 சீரான கட்டடத் துணைவிதிகள் அறைக்கு அளவே சொல்லியிருக்கின்றன. வீட்டில் முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டாவது 9.3, மற்றவை 6.5. ஒவ்வோர் அறைக்கும் தரைப்பரப்பில் 10 சதவீதம் ஜன்னல் வேண்டும், அதில் பாதியாவது திறந்து காற்று வர வேண்டும். டெரஸ் வீட்டு ஹாலில் ஜன்னல் முன்பக்கம் மட்டும்தான். நடுவில் தடுத்தால் உள்பக்க அறைக்கு ஜன்னலே கிடையாது. பகலிலும் லைட் போட்டுத் தூங்கி எழ வேண்டிய அறை அது.

கிராண்டையும் (நிலப் பட்டா) எடுத்துப் பாருங்கள். நிலத்தின் வகை, நிபந்தனை இரண்டும் அதில் இருக்கும். தோட்டத்து மனைகளில் இன்னும் 'விவசாயம்' என்றே இருப்பதையும் பார்த்திருக்கிறேன். தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பெரும்பாலும் குடியிருப்பு என்றுதான் போட்டிருக்கும்.

செம்பனைக்காடு · செவ்வாய், காலை 7.20

500,000 என்று படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. கிராண்டைப் பார்த்தேன், குடியிருப்புதான். அப்படியென்றால் தொழிலாளிகளுக்கு வாடகைக்கே விடக் கூடாதா?

ஹாஸ்டல்கணக்கு · செவ்வாய், மதியம் 1.15

விடலாம் ஐயா. எத்தனை பேர், எப்படி என்பதுதான் கேள்வி. நான் ஒரு கம்பெனியில் ஆட்களுக்கு வீடு பார்த்துக்கொடுக்கிற வேலை செய்கிறவள். தினமும் இந்தக் கணக்குதான் போடுகிறேன்.

தொழிலாளர் தங்குமிடத் தரத்துக்கு என்றே ஒரு சட்டம் இருக்கிறது, சட்டம் 446. 1990இல் வந்தபோது தோட்டத்து லயங்களையும் சுரங்கத்தையும் மனதில் வைத்துப் போட்டது. நம் அப்பா அம்மா காலத்து லயத்துக்குத் தண்ணீர், கக்கூஸ், ஆயாக் கொட்டகை எல்லாம் அதில்தான் வரும். 2019இல் திருத்தினார்கள். 2020 ஜூன் 1 முதல் தொழிற்சாலை, கட்டுமானம் என்று எல்லாத் துறைக்கும் வந்துவிட்டது. அதே வருடக் கடைசியில் கையுறைத் தொழிற்சாலை ஆட்களின் ஹாஸ்டலில் 'தெராத்தாய்' என்ற கோவிட் தொற்றுக் குழு வெடித்த பிறகுதான் லேபர் ஆபிஸ் வீடு வீடாக இறங்க ஆரம்பித்தது.

முதலாளி தன் ஆளுக்குத் தங்க இடம் கொடுத்தால் அந்த இடத்துக்கு லேபர் ஆபிஸில் தங்குமிடச் சான்றிதழ் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் 50,000 வெள்ளி வரை அபராதம். விண்ணப்பம் போடுவது முதலாளி, நீங்கள் இல்லை. அதனால் ஏஜென்டிடம் முதல் கேள்வி இதுதான்: "எந்தக் கம்பெனி, சான்றிதழ் யார் பெயரில்?" வாயை மூடிக்கொண்டால் கதவையும் மூடிவிடுங்கள்.

உங்கள் மாதிரி வீட்டில் தூங்குகிற இடம் ஓர் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர், அடிக் கணக்கில் கிட்டத்தட்ட 39 சதுர அடி. ஆளுக்குத் தனிக் கட்டில். மெத்தை நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பூட்டு வைத்த அலமாரி ஆளுக்கொன்று. ஆறு பேருக்கு ஒரு கக்கூஸ், ஒரு குளியலறை. அறையை அளந்து எழுதுங்கள், நானே எண்ணிச் சொல்கிறேன்.

செம்பனைக்காடு · புதன், இரவு 8.40

லீவு போட்டுப் போய் அளந்துவிட்டேன். பெரிய அறை 12க்கு 11 அடி. நடு அறை 10க்கு 10. பின் அறை 10க்கு 8. கக்கூஸ், குளியலறை இரண்டிரண்டு.

ஹாஸ்டல்கணக்கு · புதன், இரவு 9.05

132 சதுர அடி: மூன்று பேர். 100: இரண்டு பேர். 80: மயிரிழையில் இரண்டு பேர். மொத்தம் ஏழு.

14 என்றால் சரியாக இரண்டு மடங்கு. ஏஜென்ட் கணக்கில் கெட்டிக்காரர், ஒருவேளை ஷிப்டுக்கு ஒருத்தர் என்று ஒரே கட்டிலை இரண்டு பேருக்குப் போட்டிருப்பார். பகல் ஷிப்ட்காரன் எழுந்ததும் ராத்திரி ஷிப்ட்காரன் அதே மெத்தையில் படுப்பான், சூடு ஆறாமல்.

வயர்க்காரன் · புதன், இரவு 10.30

எல்லாரும் காகிதத்தைப் பேசுகிறீர்கள். நான் வயரைப் பேசுகிறேன். சுருஹன்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேன், இந்த வட்டாரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் ஒரு ஹாஸ்டல் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள், ஃபேன் ஓடவில்லையாம். ஹாலைத் தடுத்து அறை போட்டிருந்தார்கள். அந்த அறைக்கு பிளக் பாயின்ட் எங்கிருந்து வந்தது தெரியுமா? மேலே போகிற ஃபேன் வயரில் இருந்து கிள்ளி எடுத்து, பிளைவுட்டில் கிளிப் அடித்துக் கீழே இறக்கியிருந்தார்கள். லைட், ஃபேன் வயர் 1.5 மில்லி (சதுர மில்லிமீட்டர்). பிளக் பாயின்டுக்கு 2.5 மில்லி போட வேண்டும். அந்த 1.5 வயரின் முனையில் ஓர் எக்ஸ்டென்ஷன், அதில் ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ், நாலு போன் சார்ஜர். கெட்டில் மட்டுமே 2,000 வாட். 13 ஆம்பியர் பிளக் தாங்குவதே சுமார் 3,000 வாட்தான்.

சரி, பிரேக்கர் விழுந்திருக்க வேண்டுமே என்று டிபி பெட்டியை (பிரேக்கர்கள் இருக்கிற பெட்டி) திறந்தேன். லைட்டுக்கு இருக்க வேண்டிய சின்ன பிரேக்கரைக் கழற்றிவிட்டு 20 ஆம்பியர் போட்டிருந்தான் எவனோ. அடிக்கடி விழுகிறது என்று தொல்லை கொடுத்தார்களாம், 'சரிசெய்து' கொடுத்திருக்கிறான். வயர் சூடானாலும் இனி அது விழவே விழாது. பிளைவுட்டில் வயர் படிந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி பழுப்பு நிறம். விரல் வைத்தால் இளஞ்சூடு. அதற்கு அந்தப் பக்கம் ஒருவன் தலையணை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான், ராத்திரி ஷிப்ட்.

ஆர்சிசிபி இருக்கிறதே என்பார்கள். அது மின் கசிவுக்கு. ஷாக் அடிக்காமல் காப்பாற்றும், ஓவர்லோடைக் கண்டுகொள்ளாது. இரண்டும் வேறு வேறு வேலை. வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வேண்டும், அதையும் பாருங்கள்.

வேலை செய்தால் பதிவு பெற்றவனை வைத்துச் செய்யுங்கள், முடிந்ததும் ஜி, எச் பாரம் (வேலை முடிந்தது, சோதித்தது என்ற சான்று) கேட்டு வாங்குங்கள். வாங்குகிற எக்ஸ்டென்ஷனில் சிரிம் (தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். பசார் மாலாம் (இரவுச் சந்தை) எக்ஸ்டென்ஷனைப் பிரித்தால் உள்ளே இருக்கிற செம்பைப் பார்த்து அழுகை வரும்.

ராத்திரிஷிப்ட் · வியாழன், காலை 8.10

இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். படித்துவிட்டுத் தூங்கலாம் என்று பார்த்தால் தூக்கம் போய்விட்டது.

நான் சுங்கை சிப்புட். இந்தப் பக்கம் வேலைக்கு வந்து ஒன்றரை வருடம். எங்கள் வீட்டில் 11 பேர். வயர் கதை இருக்கட்டும். எங்கள் வீட்டு கிரில்லை வெளியே இருந்து மாங்கா (தொங்கு பூட்டு) போட்டுப் பூட்டுகிறார்கள். நாங்கள் வந்த பிறகு பகல் ஷிப்ட் கிளம்பும்போது கடைசியாகப் போகிறவன் பூட்டிவிட்டுப் போவான், சூப்பர்வைசர் ஆர்டர். முன்னே ஒருமுறை இரண்டு போனும் ஒரு லேப்டாப்பும் காணாமல் போனதால் இந்த ஏற்பாடு. சாவி இரண்டே இரண்டு. ஒன்று சூப்பர்வைசரிடம், ஒன்று பகல் ஷிப்ட்காரனிடம். நாங்கள் ஐந்து பேர் உள்ளே தூங்குவோம். சாயந்திரம் வேன் வரும்போது திறப்பார்கள்.

பின்கதவு இருக்கிறதா என்று கேட்பீர்கள். முன்னே இருந்ததாம். சமையலறையைப் பின்சந்து வரைக்கும் இழுத்துக் கட்டியபோது சுவராக்கிவிட்டார்கள்.

பக்கத்துவீடு · வியாழன், காலை 9.30

ஐயோ தம்பி. உடனே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. என் வீட்டுப் பக்கத்திலும் ஒரு ஹாஸ்டல். பைக்கை என் கேட் முன்னால் போடுகிறார்கள், ராத்திரி ஒரு மணிக்குக் கோழி வறுக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாள் சண்டை போட்டேன். உள்ளே பூட்டி வைத்திருப்பார்களோ என்று யோசித்ததே இல்லை. இன்றைக்குப் போய் அவர்கள் கிரில்லைப் பார்க்கிறேன்.

பழையஹோஸ் · வியாழன், மாலை 5.45

பொம்பா சுகாரேலாவில் (தன்னார்வத் தீயணைப்புப் படை) பல வருடம் இருந்தேன். இப்போது வயசாகிவிட்டது, ஹோஸ் பிடிக்கக் கை ஆடுகிறது.

ராத்திரிஷிப்ட் தம்பி எழுதியதைத்தான் முதலில் எல்லாரும் படிக்க வேண்டும். 2017 செப்டம்பர் 14 விடியற்காலை, கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்தது. 23 பேர் போனார்கள், பெரும்பாலும் பையன்கள். ஜன்னல்களில் இரும்பு கிரில். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களால் கீழே நின்று பார்க்கத்தான் முடிந்தது. அதற்கப்புறம் எங்கே ஹாஸ்டல் என்று சொன்னாலும் நான் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பேன்.

செம்பனைக்காடு கேட்டார், பொம்பா வந்து பார்ப்பார்களா என்று. 1988 தீயணைப்புச் சேவைகள் சட்டத்தில் (சட்டம் 341) தீப் பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அது பட்டியலிட்ட கட்டடங்களுக்கு: பெரிய விடுதி, ஹோட்டல், மருத்துவமனை, ஃபேக்டரி மாதிரி. உங்கள் டெரஸ் அதில் விழாது. ஆனால் அதே சட்டத்தில் 'தீ அபாயம்' என்றும் ஒன்று உண்டு, அது எந்த இடத்துக்கும் பொருந்தும். தப்பிக்கிற வழியை அடைத்து வைத்தால் அதுவும் அபாயம்தான். அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. நீங்களாக ஸ்டேஷனுக்குப் போய்க் கேளுங்கள், உட்காரவைத்துப் பேசுவார்கள். யாரும் போய்க் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இங்கே நடக்கிறதைப் பாருங்கள். மஜ்லிஸ் கட்டடத்தைப் பார்க்கும். லேபர் ஆபிஸ் கட்டிலை எண்ணும். பொம்பா பெரிய கட்டடத்தைப் பார்க்கும். வீட்டுக்காரர் கம்பெனியைக் காட்டுவார், கம்பெனி ஏஜென்டைக் காட்டும். அந்த மாங்காவை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுத் தீயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை. தூங்குகிறவனுக்குப் புகை வாசனை எழுப்பிவிடும் என்று நம்ப வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அதனால் பேட்டரியில் ஓடுகிற புகை அலாரம் ஒன்றைப் படுக்கை அறைகளுக்கு வெளியே கூரையில் மாட்டுங்கள், சமையலறை வாசலில் மாட்டாதீர்கள். கோழி வறுக்கும்போதெல்லாம் கத்தும், இரண்டாம் நாளே பேட்டரியைப் பிடுங்கிவிடுவார்கள். ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று, அடுப்புக்கு மேலே வேண்டாம், சமையலறையைவிட்டு வெளியே வருகிற வழியில். அடுப்பில் தீ என்றால் தீயைத் தாண்டிப் போயா எடுப்பீர்கள்? கேஸ் தோம்பு (சிலிண்டர்) கதவை மறைக்காமல் இருக்கட்டும். எதுவாக இருந்தாலும் 999. முன்னே பொம்பாவுக்கு 994 என்று தனி நம்பர் இருந்தது, பழைய ஸ்டிக்கர்கள் இன்னும் சில வீட்டில் ஒட்டியிருக்கின்றன. கிழித்துவிடுங்கள்.

மூணுவீடு · வியாழன், இரவு 8.20

கிரில் இல்லாமல் விடச் சொல்கிறீர்களா? இந்தப் பக்கம் எவ்வளவு திருட்டு என்று பொம்பா ஐயாவுக்குத் தெரியாதா? பைக் போகும், கேஸ் தோம்பு போகும், வாட்டர் மீட்டர் வரைக்கும் கழற்றிக்கொண்டு போகிறார்கள்.

பழையஹோஸ் · வியாழன், இரவு 8.45

கிரில் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? என் வீட்டிலும் கிரில்தான். உள்ளே இருக்கிறவன் சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்கிறேன். உள்பக்கம் திருகு வைத்த பூட்டு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிறது. வெளியே இருந்து சாவி, உள்ளே இருந்து கையால் திருப்பினால் போதும். கம்பி வழியாகத் திருடன் கைவிடாமல் இருக்கப் பின்னால் ஒரு தகடு. ஜன்னல் கிரில்லில் அறைக்கு ஒன்றையாவது கீல் வைத்துத் திறக்கிற மாதிரி வெல்டிங்காரனிடம் சொல்லுங்கள், அரை நாள் வேலை. உங்கள் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரு மாத வாடகைகூட ஆகாது அண்ணே.

மூணுவீடு · வியாழன், இரவு 9.30

பார்க்கலாம்.

பிளான்வரைபவன் · வியாழன், இரவு 10.10

தீ இன்சூரன்சைப் பற்றி ஒரு வார்த்தை. பாலிசியில் வீட்டை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதியிருக்கும். குடும்பம் என்று சொல்லிவிட்டு ஹாஸ்டல் வைத்தால், எரிந்த பிறகு கிளெய்ம் கேட்கும்போது அந்த வரியைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆள் வருவதற்கு முன் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் அதிகபட்ச ஆள் எண்ணிக்கை, தடுப்பு போடக் கூடாது, மாதம் ஒருமுறை முன்கூட்டிச் சொல்லிவிட்டு நீங்கள் வந்து பார்க்கலாம், மூன்றும் வர வேண்டும். பின்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தால் அதற்கு அங்கீகரித்த பிளான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செம்பனைக்காடு · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 7.30

நடந்ததைச் சொல்கிறேன். ஏஜென்டிடம் சான்றிதழ் யார் பெயரில் என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் பாஸ்" என்றார். அதோடு போன் எடுப்பதில்லை. ஹாஸ்டல்கணக்கு அக்கா சொன்ன வழியில் ஒரு கம்பெனியிடம் நேராகப் பேசினேன். ஏழு பேர், 1,100 வெள்ளி. அவர்கள் லேபர் ஆபிஸில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், சான்றிதழ் வந்த பிறகுதான் ஆள் வருவார்கள். மஜ்லிஸிலும் எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

பின்பக்கம் அப்பா இழுத்துக் கட்டியதற்குப் பிளான் கிடைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டால், "அப்போது யார் பிளான் போட்டார்கள், கொத்தனார் வந்தார், கட்டினார்" என்கிறார். பிளான்வரைபவன் அண்ணனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நல்லவேளை, அப்பா பின்கதவை மூடவில்லை. அலமாரியை நகர்த்திப் பார்த்தால் கதவு அங்கேயே இருக்கிறது, தாழ்ப்பாள்தான் துருப்பிடித்துப்போயிருந்தது. எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, அரைமணி நேரம். திறந்தது. பின்சந்து முழுக்க லாலான் புல்.

வயர்க்காரன் அண்ணன் வந்து பார்த்துக்கொடுத்தார். பழைய வயர் என்று இரண்டு அறையில் மாற்றினோம். திருகுப் பூட்டும் போட்டாயிற்று. அம்மா வந்து கண்ணை மூடிக்கொண்டு தடவித் திறந்து பார்த்தார், மூன்று தடவை.

ராத்திரிஷிப்ட் தம்பி, உங்கள் வீட்டில் என்ன ஆயிற்று?

ராத்திரிஷிப்ட் · ஞாயிறு, இரவு 11.50

பிரேக் நேரம், அதனால் சுருக்கமாக. சூப்பர்வைசரிடம் சொன்னேன், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். காத்திருக்க முடியவில்லை. பகல் ஷிப்ட்காரனிடம் சாவியை ஒருநாள் கடன் வாங்கிக் கடையில் கொடுத்து ஆளுக்கொன்று போட்டுக்கொண்டோம். ஆனால் பூட்டு வெளியே தொங்குகிறதே. கம்பி வழியாகக் கையை விட்டு, பூட்டைத் திருப்பிப் பிடித்து, ஓட்டையைத் தடவிக் கண்டுபிடித்துச் சாவியைப் போட வேண்டும். பகல் வெளிச்சத்தில் முயன்று பார்த்தேன், இரண்டு நிமிடம். ஒருமுறை சாவி கை தவறி வெளியே விழுந்துவிட்டது.

போன புதன்கிழமை மாங்காவையே எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டோம். யார் எறிந்தது என்று விசாரணை நடக்கிறது. 11 பேரும் தெரியாது என்று சொல்லியிருக்கிறோம்.

செம்பனைக்காடு அண்ணே, அந்த ஏழு பேரில் யாராவது வராமல் போனால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.